அம்புக்குறி வைத்த படம்

சுவரில் படம் போடுகிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் வைக்கிறார்கள், அக்கா. இங்கே வந்துதான் எனக்கு அது தெரிந்தது. எங்கள் கம்பெனி கேட்டை ஒட்டிப் பாலத்துச் சுவர் இருக்கிறது. அதில் சாரம் கட்டி, கிருத்திகா என்கிற பெண்ணும் கவின் என்கிற பையனும் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி ஒன்பது நாள் வரைந்தார்கள். டீ நேரத்தில் நானும் முத்துப்பேச்சியும் எதிரே கடையில் நின்று பார்ப்போம்.

முத்துப்பேச்சியைப் பற்றி நீ கேட்டதற்குத்தான் வருகிறேன். ஃபோனில் பேசியே எழுதுகிறேன். வார்த்தை மாறி விழுந்திருந்தால் சரியாக்கிப் படி. அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே, பயந்துவிடும்.

என் வேலை செக்கிங். பனியனை விளக்குக்குக் கீழே விரித்து, ஓட்டை எங்கே, கறை எங்கே என்று பார்த்துச் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். பிரிக்கிறதும் வெட்டுகிறதும் வேறு ஆட்கள்.

முத்துப்பேச்சி இங்கே இருந்தது நம் ஊரில் யாருக்கும் தெரியாது. அவளும் அவள் கட்டிக்கொண்ட பையனும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்குத்தான் ஃபோன் செய்தார்கள். வீரபாண்டியில் வீடு பார்த்துக் கொடுத்தது நான். பக்கத்து மேசையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான். அவள் அண்ணன்மார் அரிவாளோடு தேடுகிறார்கள் என்று தெரிந்தும் செய்தேன்.

மூன்றாம் நாள் கிருத்திகா சாலையைக் கடந்து எங்களிடம் வந்தாள்.

"ஏனுங்க அக்கா, கம்பெனியில வேலை செய்யற பொண்ணு மூஞ்சி ஒண்ணு வேணுமுங்க. உங்களப் போட்டுக்கட்டுங்களா?"

நான் முடியை ஒதுக்கிக்கொண்டேன். அவள் முத்துப்பேச்சியைக் கேட்டிருக்கிறாள்.

"வேண்டாங்க. என் மூஞ்சி வெளிய தெரியக் கூடாது. ஏட்டி மருதா, நீ நில்லேன்."

சாரத்தின் மேலிருந்து கவின் என்னை ஒரு பார்வை பார்த்தான். "இல்லீங்க, அவங்க மூஞ்சிதானுங்க செவுத்துக்கு எடுப்பா இருக்கும்."

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "நம்மூர்க்காரன் எவன்ட்டி இந்த ரோட்டுக்கு வாரான்? போய் நில்லு" என்று நான்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

இரண்டு ஆள் உயரத்துக்கு முகம் வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் சாமியாத்தாள் அக்கா மட்டும் என்னிடம், "ஏங்கண்ணு, உன்னையக் காணோம் செவுத்துல?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள் கண் வைத்தார்கள். அன்றைக்குத்தான் அதை ஃபோனில் படம் எடுத்தேன். அவள் அம்மா ஆறு மாதமாகச் சோறு இறங்காமல் அழுகிறாள் என்று நீதானே சொன்னாய். பெற்றவள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்த வீட்டில் பெரியண்ணனிடம் மட்டும்தான் ஃபோன் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும். கைப்பழக்கத்தில் படத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி வைத்தேன். முகத்தில் இல்லை, ஓரத்தில் தெரிந்த கம்பெனி போர்டில். ஷிஃப்ட் முடிகிற நேரத்தையும் கீழே எழுதினேன். வருகிறவர்கள் வெயிலில் காத்திருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியாக வேன் வந்தது. முத்துப்பேச்சி என் கையைத்தான் பிடித்தாள். "விட்டுராதட்டி மருதா" என்றாள். அவள் வளையல் என் மணிக்கட்டைக் கீறியது. அதனால்தான் விட்டேன்.

வயிற்றுவலி தாங்காமல் செத்துப்போனாள் என்று சொல்லி, விடிவதற்குள் எரித்துவிட்டார்கள் என்று நீ ஃபோனில் சொன்னபோது நான் அழுதேன். அந்த அழுகையை நீயே கேட்டாய். ஆனாலும் அம்பு வைத்தது மட்டும்தான் நான். மற்றதெல்லாம் வேறு ஆட்கள் செய்தது.

அவள் புருஷன் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். படத்தை யார் அனுப்பியிருப்பார்கள் என்று என்னிடம்தான் கேட்கிறான். நேற்று அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

கேஸ் ஆகிவிட்டதால் அந்த முகத்தை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். கிருத்திகா அழுதுகொண்டே வெள்ளையடித்தாள். அந்த இடத்தில் வேறு முகம் வரையப் போகிறார்களாம். இன்றைக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறாள், கண் இன்னும் வைக்கவில்லை. டீ நேரத்தில் தலை வாரிக்கொண்டு போய் அவள் எதிரே நின்றேன். கவனிக்கவில்லை.

நாளைக்கு நீ எடுத்துக் கொடுத்த அந்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போகிறேன்.