தோள் மட்டம்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. சந்தோஷத்தைத்தான் காணோம். ஜன்னலோரத்து நெட்டையன் திடீரென்று சொன்னான்:

“அப்பாவை விட்டா என் உயரத்துக்கு ஸ்ரீரங்கத்துல வேற ஆள் இல்லைடா.”

“நீ ஜெர்மனிக்குப் படிக்கப் போறதுக்கும் உயரத்துக்கும் என்னடா சம்பந்தம்?”

“பெருமாள் புறப்பாட்டுல அப்பாவும் நானும்தான் ஜோடி. ரெண்டு தோளும் ஒரே மட்டமா இல்லேன்னா பல்லக்கு சாஞ்சுடும். நான் போயிட்டா அவரும் விலகிக்க வேண்டியதுதான்.”

“படிச்சு முடிச்சுட்டு வந்து தூக்கேன்.”

“கடல் தாண்டினவன் பெருமாளைத் தூக்கப்படாது.”

“அப்ப, போகாதேங்கிறாரா?”

“வேத பாடசாலைலேர்ந்து எடுத்து ஸ்கூல்ல போட்டதே அவர்தான். காலேஜ்ல சம்ஸ்கிருதம் எடுத்தவனை கெமிஸ்ட்ரிக்கு மாத்தினதும் அவர்தான். ஜெர்மனிக்கும் போன்னுதான் சொன்னார்.”

காவிரிப் பாலம் வந்தது.

“அப்புறம் ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?”

“நேத்து புறப்பாடு முடிஞ்சு ஆத்துக்கு வந்தோம். பல்லக்குத் தண்டு அழுத்தி என் தோள் காய்ச்சுப் போயிருக்கில்லையா, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ‘அங்கே போனா இது மறைஞ்சுடுமோடா’ன்னு கேட்டார்.”