ஏழால் வகுத்தால் ஒன்று

சராசரி கண்டுபிடிப்பது ஏழாம் வகுப்புப் பாடம். ஒரு வாரத்தின் மொத்தத்தைக் கூட்டி ஏழால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் கூட்டலில்தான் தவறுவார்கள்.

டாக்டர் அம்மா, என் நோட்டை நகல் எடுத்து மற்ற வீட்டாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. என் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்தபோது உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் உழவர்கரையிலிருந்து வந்த தையல்நாயகி என்ற அம்மாள். அவருடைய மகளுக்கும் வலிப்பாம். கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டினார்.

"டீச்சரா நீங்க? இத கொஞ்சம் பாருங்க. பொண்ணு கம்ப்யூட்டர்ல எவ்ளோ நேரம் உக்காருதுன்னு வாரத்துக்கு ஒருதரம் கூட்டி, ஏழால வகுத்து எழுதணுமாம். அவ்ளோதானே?"

அது என் கையெழுத்து. பெயரை மட்டும் மறைத்திருந்தீர்கள்.

"யாரோ அக்காக்காரி தங்கச்சிக்காக எழுதினதாம். எவ்ளோ ஒழுங்கா எழுதி வெச்சிருக்கா பாருங்க" என்றார் அவர்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த நோட்டில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

என் தங்கை மெரினை உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு முதலியார்பேட்டை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்குப் பதினேழு வயதில் வலிப்பு வந்தது. உங்கள் மாத்திரையில் கட்டுப்பட்டு, இரண்டு வருடம் எதுவும் இல்லாமல் இருந்தாள். 2006 மே மாதம் ஜோசப் ஆனந்த் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அவர் பிரான்சில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவர், அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர். வந்தது என்னைப் பார்க்கத்தான். எனக்கு அப்போது முப்பத்திரண்டு. காப்பி கொண்டுவந்து வைத்தது மெரின். அவருடைய அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பிறகு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சொல்லி அனுப்பினார்கள், சின்னவளைக் கொடுக்க முடியுமா என்று. நானே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தேன்.

அவளுக்கு வலிப்பு இருப்பதை அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றுபோயிருக்கும். தங்கையின் வாழ்க்கையை அப்படிக் கெடுக்கிற ஆள் நான் இல்லை.

நிச்சயதார்த்தம் முடிந்ததும் ஜோசப் ஆனந்த் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார், இவளோடு பேசுவதற்கு. ஒரே மாதத்தில் வலிப்பு திரும்பி வந்தது. நீங்கள் கண்டிப்பாகச் சொன்னீர்கள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது, வாரா வாரம் மொத்தத்தை எழுதிச் சராசரி போட்டுக் காட்ட வேண்டும் என்று. மெரின் வெளியே போன பிறகு என்னிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னீர்கள். "தொடர்ந்து உக்கார விடாதீங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எழுப்பி விடுங்க. அதுதான் முக்கியம்." அதை நான் மெரினிடம் சொல்லவில்லை. அப்போது மறந்துதான் போனேன் என்று நினைக்கிறேன்.

விசைப்பலகையைக் கழற்றி என் பீரோவில் பூட்டி வைப்பேன். மாலையில் ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பேன். ஆகஸ்டில் தெருவைத் தோண்டியதில் டெலிபோன் லைன் அறுந்து ஐந்து நாள் இணையம் இல்லை. சனியும் ஞாயிறும் மூன்றரை மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தாள். ஞாயிறு மாலை வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, அவள் கண் திறக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பிறகு நோட்டில் எழுதினேன். மொத்தம் ஏழு மணி, சராசரி ஒரு மணி, வலிப்பு ஒன்று.

நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள். "சராசரி ஒரு மணிதான் வருது. சரி, மாத்திரைய கொஞ்சம் கூட்டுவோம்" என்றீர்கள். எந்த நாளில் எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் மெரின் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் அவளிடம் கேட்டேன். "தினம் ஒரு மணி நேரம்னா அவர் வேலைலேர்ந்து ஓடி வந்து பேச வேண்டியிருக்கு. அவருக்கு லீவு ஞாயித்துக்கிழமதானே. ஏழு மணி நேரத்தையும் சேத்து வெச்சி அன்னிக்கே பேசேன்."

"டாக்டரம்மா ஒத்துக்குவாங்களாக்கா?"

"ஏழால வகுத்தா ஒண்ணுதானே வருது."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உன்ன மாதிரி அக்கா யாருக்குக்கா கெடப்பா" என்றாள். அந்தப் பிடி இன்னும் என் தோளில் இருக்கிறது. குளிக்கும்போது சில நாள் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறேன்.

திங்கள் முதல் சனிவரை பூஜ்யம். ஞாயிறு ஏழு. நோட்டில் வாரத்தின் மொத்தம் மட்டும்தான். அவர் குளிக்கவும் சாப்பிடவும் எழுந்து போகும் நேரத்தில் இவள் கல்யாண கவுன் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வாரம் கை வெட்டி இழுத்துத் தண்ணீர் டம்ளர் விழுந்தது. அதை வலிப்பு என்று எழுத முடியாது என்று எனக்குத் தோன்றியது. டம்ளர் யார் கையிலிருந்தும் விழும்.

நான்காவது, நவம்பர் முதல் ஞாயிறு. பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தாள். ஏழரைக்கு முடிய வேண்டும். நான் மாலைப் பூசைக்குப் போயிருந்ததாக உங்களிடம் சொன்னேன். ஜோசப் ஆனந்திடமும் அதையேதான் சொன்னேன். போகவில்லை. பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே மழை. ஏழு மணிக்கு மெரின் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் அறை வாசற்படியில் வந்து நின்றாள்.

"அக்கா, கண்ணு ரொம்பக் கூசுது. இன்னிக்கு இத்தோட நிறுத்திக்கட்டுமா?"

"இன்னும் அரை மணி இருக்கே. அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் பேச முடியாது, பாத்துக்கோ."

பிறகு திரும்பிப் போனாள்.

அவள் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு ஜோசப் ஆனந்த் வந்திருந்தார். கல்லறையில் பூ வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் காப்பி கொடுத்தேன். "அன்னைக்கு திடீர்னு டைப் பண்றது நின்னு போச்சி. லைன் போயிடுச்சோன்னு மூணு தடவ போன் பண்ணேன், யாரும் எடுக்கல. நீங்க வீட்ல இருந்திருந்தா காப்பாத்தியிருப்பீங்க அக்கா" என்று அழுதார். அக்கா என்றுதான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

கம்ப்யூட்டரை விற்றுவிட்டேன். மேசையையும் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த அறையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. மதியம் ஆரம்பித்து, இடையில் நின்று, மறுபடி வரும். எனக்குப் பயமில்லை. அவள் வேகமாகத் தட்டினால் சந்தோஷமாக இருக்கிறாள் என்று பொருள். ஏழு மணி ஆனதும் நின்றுவிடும். வாசற்படியில் யாரோ வந்து நிற்பது போல இருக்கும். மூன்று வருடமாக ஒவ்வொரு வாரமும் "நிறுத்திக்கோடி, போய்ப் படு" என்று சொல்லிப் பார்க்கிறேன். மறுபடியும் தட்டத் தொடங்குகிறாள்.

தையல்நாயகியிடம் ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பிவிடவும் சொன்னேன். நீங்களும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் போலீசிடம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், அவர்கள் எப்படியும் கேட்பார்கள்.

நாற்காலி விழுந்தபோது மணி ஏழு பத்து. பிறகு மேசைக் காலில் எதுவோ விட்டுவிட்டு இடித்தது. போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆட்டோ நிறுத்தம் தெருமுனையில்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி கையில் இருந்த விடைத்தாளைத் திருத்தி முடித்தேன், அடுத்ததை எடுத்தேன். ஏழரை அடித்த பிறகு எழுந்து போய் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவளுக்குச் சேர வேண்டிய நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நான் குறைக்கவில்லை.

இப்படிக்கு,
ஸ்டெல்லாமேரி