சோழர் காலத்து அறை

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயில் தயிர்சாதத்துக்கு ரந்தா ஊரிலிருந்தே ஆட்கள் வருவார்கள், இன்ஸ்பெக்டர். நீங்களும் ஒருமுறை வந்து சாப்பிட வேண்டும்.

நான் தர்மேந்திரன், எஸ்டேட் மாரியம்மன் கோயிலின் தலைவர். எஸ்டேட்டை வாங்கிய வீடமைப்பு நிறுவனம், கோயிலை இடித்துவிட்டுக் கழிவுநீர்க் குளத்தின் ஓரமாக மாற்றிடம் தருவதாகச் சொன்னது. அம்மன் மூக்கைப் பிடித்துக்கொண்டா அருள்பாலிப்பாள்? அந்த நேரத்தில்தான், சந்நிதிக்குப் பின்னால் தரையைப் பெயர்த்தபோது ஒரு கற்பலகையும், அதன் அடியில் செங்கல் அறை ஒன்றும் கிடைத்தன. உள்ளே ஆள் நிற்கலாம். வேறு வாசல் இல்லை.

கடல் தாண்டி இங்கே வந்த சோழர் காலத்து அறை என்று நான்தான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. ஆதாரம் கேட்பார்களே என்று, சி ரூசா ஊர்ப் பக்கம் கல்லறைக் கல் செதுக்கும் ஒருவரிடம் சொல்லிக் கல்வெட்டும் தயார் செய்து உள்ளே வைத்தேன். பஸ் பஸ்ஸாகப் பக்தர்கள் வந்தார்கள். நிறுவனம் வாயை மூடிக்கொண்டது. எனக்கு மாலை போட்டார்கள். நான் கழுத்தை நீட்டினேன், அவ்வளவுதான்.

பிறகு மாதவி வந்தார். பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர், எங்கள் எஸ்டேட்டில் பிறந்தவர். பஸ் நிலையத்திலிருந்து நானே காரில் அழைத்து வந்தேன். மத்தியான நேரம், கோயிலில் ஆளில்லை. அவர் இறங்க, ஏணியையும் நானே பிடித்துக்கொண்டேன். கல்வெட்டைப் பார்த்ததும் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணே, சோழன் நம்ம தமிழ்ப்பள்ளியில படிச்சிருப்பான் போல. எல்லாம் இப்ப நாம எழுதுற எழுத்துதான்லா."

"அம்மன் விஷயத்துல சிரிக்காதம்மா."

"அம்மனைப் பார்த்துச் சிரிக்கலண்ணே. இது ஜப்பான்காரன் இங்க ஆண்ட காலத்துல நம்ம ஆளுங்க அரிசி ஒளிச்சு வெச்ச குழி. செங்கல்லுல வெள்ளைக்காரன் எஸ்டேட் கம்பெனி முத்திரை இருக்கு. மாட்டியிருந்தா தலைய வெட்டியிருப்பான். அதச் சொன்னாலே கோயில யாரும் தொட முடியாது. பொய் எதுக்கு?"

அரிசிக் குழிக்கு யார் மாலை போடுவார்கள்? கூலிக்காரர்கள் பசியோடு கிடந்த கதையைக் கேட்க யார் பஸ் ஏறி வருவார்கள்? உண்மையை எழுதத்தான் போவதாகச் சொல்லிவிட்டு, "ஏணியப் பிடிங்கண்ணே, மேல வரேன்" என்றார்.

பிடித்தேன். மேலே இழுத்துக்கொண்டேன். பலகையைக் கடப்பாரையால் நெம்பி மூடினேன். கோபமெல்லாம் இல்லை. அங்கே போனுக்கு லைன் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். மேலே கம்பளம் விரித்து, குத்துவிளக்கை நகர்த்தி வைத்தேன். பழுதுபார்ப்புக்காக அறை மூடப்பட்டிருப்பதாக ஓர் அறிவிப்பும் மாட்டினேன்.

மறுநாள் மாலைப் பூசையில் தரைக்கடியில் தட்டும் சத்தம் கேட்டது. கோயில் பெருக்கும் தாயம்மா அங்கேயே சாமியாடினார். "ஆத்தா வந்துட்டா" என்றார். செய்தி சுவா ஊர் வரைக்கும் போய், கூட்டம் நெரிந்தது. கம்பளத்தில் காதை வைத்துக் கேட்டார்கள்.

"தலைவரே, தண்ணி கேக்குற மாதிரி இருக்கே" என்றார் செயலாளர் மணியம்.

"ஆத்தாவுக்குச் சூடு" என்றேன். உடனே பாலாபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்தேன். குடம் குடமாக ஊற்றினோம், சிலைக்கு.

பிறகு ஒரு காலையில் சத்தம் நின்றுவிட்டது. சாம்பிராணியைச் சற்று அதிகமாகப் போடச் சொன்னேன்.

மாதவியை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: ஆத்தா போய்விட்டாளே என்று அன்று கூட்டம் கதறியபோது, எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் நான்.