முழு டேங்க்

மைலேஜ் பார்ப்பதில் பலரும் தப்பு செய்கிறார்கள் சார். டேஷ்போர்டு காட்டுவதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, ஓட்டிவிட்டு வந்து, அதே பம்பில் திரும்ப நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த பெட்ரோலால் வகுத்தால் விடை. நடுவில் ஏசி கூடாது, வேகமும் மாறக்கூடாது.

நான் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அரைகுறையாக எதையும் செய்ய வராது. என் மைத்துனன் அமிர்தராஜ் விருந்துக்கு விருந்து, "உங்க வண்டி பெட்ரோல குடிக்குதுங்களாமா மாமா?" என்று சிரிப்பான். அவன் வாயை அடைக்க ஒரு சரியான எண் வேண்டியிருந்தது.

அன்றைக்கு நானும் என் மனைவி கிளாடிஸும் காலையில் பீளமேட்டுப் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு போய், காங்கேயத்தில் ஒரு ஞானஸ்நான விருந்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஏனுங்க, நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க. ஏசி போடுங்க."

"கேஸா இருக்கும் அம்மணி. ஊட்டுக்குப் போனாச் சரியாப் போயிரும்."

பல்லடத்தில் ஓர் ஆஸ்பத்திரியைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினால் கணக்கு கெட்டுவிடும் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்க, உங்க கணக்கு முடியட்டும்" என்று கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் பிடிவாதத்துக்கெல்லாம் அப்படித்தான் விட்டுக்கொடுத்தாள். அவள்மேல் எனக்கு உயிர் சார். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே கால் வரவில்லை.

தூங்கிவிட்டாள் என்று நினைத்ததாக அமிர்தராஜிடம் சொன்னேன். இந்த ஸ்டேஷனில் உங்களிடமும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். அது பொய். சூலூர் தாண்டும்போது அவள் கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. உடனே ஏசியைப் போட்டேன். தூங்குகிறவளுக்காகச் சோதனையைக் கெடுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

பீளமேட்டில் பங்குக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் பங்குக்குள்தான் திருப்பினேன். வரிசை நீளமாக நின்றது. முன் காரிலிருந்து இறங்கிய ஒருவர் கிளாடிஸை எட்டிப் பார்த்தார்.

"அம்மாவுக்கு முடியலீங்களா? நீங்க முன்னாடி போங்க."

"தூங்கறாங்க. அவசரமில்லீங்க" என்றேன்.

எதிரே போயிருந்தால் யாராவது அவள் கையைப் பிடித்துப் பார்த்து, போய்விட்டாள் என்று சொல்லியிருப்பார்கள். வரிசையில் நின்றவரைக்கும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள் சார்.