துவைக்காத பதினான்கு புடவைகள்

என் கழுத்தில் மாலையையும் கண்ணெதிரே மணியையும் வைத்து, "ஐந்தே நிமிடத்தில் முடி" என்று ஆணையிட்டு அமர்ந்திருக்கும் முந்திரிக் கொட்டகையின் முதலாளியும், இம்மழலையர் காப்பகத்தின் மாண்புமிகு தலைவரும், என் தங்கையை மணந்த பாவத்துக்காக என் நாக்கைத் தாங்கியே தீரவேண்டிய மச்சானுமாகிய சாமிதுரை அவர்களே! துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த இடத்திலும் எங்கள் நிர்வாகக் குழுவில் மாட்டிக்கொண்ட லப்பைக்குடிக்காட்டு வள்ளல் நஜீமுதீன் பாய் அவர்களே! அவரைக் கண்காணிக்க முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவரது இல்லத்தரசி நஜ்முன்னிசா அம்மா அவர்களே! நாளெல்லாம் முந்திரி உடைத்த கையைச் சாம்பலும் எண்ணெயும் தேய்த்துக் கழுவிவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே! அந்த இடுப்பிலிருந்தபடியே என் மைக் ஒயரை இழுத்துக்கொண்டிருக்கும் ஒன்றரை வயதுப் பெருமகனே! அனைவருக்கும் அங்கமுத்துவின் தலை தாழ்ந்த கும்பிடு!

என்னை எதற்கு ஏற்றியிருக்கிறார்கள் தெரியுமா? வாழ்த்திப் பேச. யாரை? கைக்குழந்தை அறையின் தலைமைப் பராமரிப்பாளரை; உங்கள் வாயில் பெரிய ஆயாவை; அதோ, கதவோரம் நிற்கிற பூங்காவனத்தை. ஒன்பது ஆண்டு உழைத்தவரை இன்றோடு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். மெமோ தயார். தலைவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறார். நான் வாழ்த்த வேண்டும், அவர் வாசிக்க வேண்டும், நீங்கள் கைதட்ட வேண்டும். மாலை போட்டு ஆட்டை வெட்டுவது நமக்குப் புதிதா என்ன?

(யாரய்யா அங்கே, "மாமா, சத்தமா பேசு"ன்னு கத்துறது? பேசுகிறேன் தம்பி. மைக்கே பயந்து நடுங்குகிறது, பார்.)

பெரிய ஆயா வேலை என்றால் என்ன? சும்மா உட்கார்ந்து பிள்ளையைப் பார்ப்பது என்கிறார் மச்சான். சும்மாவா? பதினான்கு பேர். மூத்தவருக்கு வயது இரண்டரை, இளையவருக்கு ஆறு மாதம். ஒருவர் பால் வேண்டும் என்று அழுவார். ஒருவர் பால் வந்துவிட்டதே என்று அழுவார். மூன்றாமவர், இவர்கள் இருவரும் அழும்போது நாம் சும்மா இருப்பது மரியாதையா என்று அழுவார்! கங்கை வரை படை நடத்திய மன்னனின் மண் இது என்று மார்தட்டுகிறோமே, அந்த மாமன்னனைக் கொண்டுவந்து இந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். வாளைப் போட்டுவிட்டு முந்திரித் தோப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்வான்!

பூங்காவனம் ஓடவில்லை. அவரிடம் வாளில்லை, புடவை இருந்தது. தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும். மேடையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. பிள்ளையைச் சேர்க்க வந்த முதல் நாளே அவர் கேட்பது பிறப்புச் சான்றிதழை அல்ல. "ராத்திரி படுக்கையில கட்டியிருந்த பொடவ ஒண்ணு குடு ஆத்தா. தொவைக்காம குடு." வாரம் ஒரு முறை மாற்று. அவரவர் அம்மா புடவையில் அவரவருக்குத் தூளி. அம்மா கொட்டகையில்; அம்மாவின் வாசம் தூளியில். பிள்ளை மோந்து பார்க்கும், சிரிக்கும், உறங்கும். இதற்குப் பெயர் என்ன? படித்தவர்கள் ஏதோ ஒரு பெரிய பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் தலைவர் வைத்த பெயர் அழுக்கு!

போன மாதம் ஆய்வுக்கு ஒரு அதிகாரி அம்மா வருகிறார் என்று தாக்கல் வந்தது. வந்ததா? நம் குழு கூடியது. கூடிக் கலைந்தால் நல்லது, கூடி முடிவெடுத்தது! "ஒரே கலர்ல பதினாலு தூளி தொங்கினா எப்படியிருக்கும்!" என்றார் மச்சான். பாய் பெருமனதோடு பணம் கொடுத்தார். நானே டவுனுக்குப் போய் ரோஸ் கலரில் பளபளக்கும் நைலான் துணி வாங்கினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னை நாடகக் கம்பெனிக்காரன் என்றே முடிவுகட்டிவிட்டார். பழைய புடவைகளை மூட்டை கட்டிப் பின்னறையில் போட்டோம். அறை முழுக்கப் பினாயில். பூங்காவனம் கெஞ்சினார்: "ஐயா, புதுத் துணியில புள்ளைவோ தூங்காதுங்க. ஒரு நாளைக்குத்தானேன்னு நெனைக்காதீங்க, அதுவளுக்கு ஒரு நாளுங்கறது ஒரு வருசங்க."

"நீ ஆயாவா, ஆபீஸரா?" என்று கேட்டார் தலைவர். அவர் கட்டியிருந்த புடவை சாயம் போனதாம். அதிகாரி கண்ணில் படக்கூடாதாம். அவரையும் மூட்டையோடு பின்னறையில் உட்கார வைத்தார்!

மணி பதினொன்று. அதிகாரி அம்மா வாசலில் கால் வைத்தார். தூளியில் கிடந்த ஆறு மாத ஆஃப்ரா உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவுதான்! பதினான்கும் ஒரே சுருதியில் எடுத்தன பாருங்கள்! அந்த ஓசை கேட்டுப் பாடாலூர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன! கங்கைகொண்ட சோழபுரத்துக் கல் சிங்கம் முன்னங்காலால் காதைப் பொத்திக்கொண்டது! இல்லையென்று நிரூபிக்க முடியுமா உங்களால்?

தலைவர் ஒரு பிள்ளையைத் தூக்கினார். சலவை வேட்டி, சந்தன நிறச் சட்டை. அந்தப் பிள்ளை அவருக்கு அபிஷேகம் செய்தது! நான் கிலுகிலுப்பையை ஆட்டினேன். என் மீசையைப் பார்த்து, சற்றே ஓய்ந்திருந்த ஒன்றும் மறுபடி அழுதது. பாய் ஓதிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், கடைசியில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு அழுதது!

"இங்க பொறுப்பா இருக்கறது யாருங்க?" என்று கேட்டார் அதிகாரி. மூவரும் கூரையைப் பார்த்தோம். கதவு திறந்தது. மூட்டையோடு பூங்காவனம் வந்தார். புடவைகளில் பெயரில்லை, சீட்டில்லை. ஒவ்வொரு புடவையாக எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். இது சின்னம்மாள் புடவை, இது ருமைசா புடவை என்று கண்ணை மூடிக்கொண்டே பிரித்துக் கட்டினார். இருபதே நிமிடம். மூச்சுக் காற்றைத் தவிர வேறு ஓசை இல்லை.

"இத யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார் அதிகாரி.

"யாருங்கம்மா சொல்லித் தரணும்? அதுவ அழுவுறதுதான் சொல்லித் தருது."

அதிகாரி அம்மா ஆய்வுப் பதிவேட்டில் நான்கு வரி எழுதினார். நான்கிலும் பூங்காவனம். தலைவர் பெயர்? தேடிப் பார்த்தோம். பின்பக்கம் புரட்டியும் பார்த்தோம். இல்லை! தாய்மார்களே, குற்றம் அங்கேதான் நடந்தது! "அழுக்குத் துணிகளை அதிகாரி முன் காட்டி நிர்வாகத்துக்கு அவப்பெயர் தேடினார்" என்று மறுநாளே மெமோ. இனி ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வருவாராம். ஆமாம், ஆறு மாதப் பிள்ளை ஆங்கிலத்தில் அழுதுவிட்டால் நம் கதி என்ன?

மணி அடிக்காதீர்கள் மச்சான். உங்களைவிடப் பெரிய குற்றவாளிக்கு வருகிறேன். அந்த மெமோவில் குழுவின் மூன்று கையெழுத்தும் இருக்கிறது. ஒன்று அங்கமுத்து. அன்று மதியம் மச்சான் வீட்டில் கறிச்சோறு. வாயில் எலும்பு, கையில் பேனா. படித்துப் பார்த்தேனா? இல்லை. ஏப்பம் விட்டேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு பெண்ணின் ஒன்பது ஆண்டு என் ஒரு ஏப்பத்துக்கு ஈடாகிவிட்டது! வெட்கமாக இருக்கிறது, ஐயா. கொடுங்கள் அந்தத் தாளை. கொடுங்கள் மச்சான், சபை பார்க்கிறது. இதோ, என் பெயரை அடிக்கிறேன். எல்லோரும் பாருங்கள், இரண்டு கோடு!

என்ன நஜ்முன்னிசா அம்மா, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள், மைக்கைத் திருப்புகிறேன்.

"ஏங்க, நம்ம புள்ள தவ்ஹீத் என் பழைய துப்பட்டா இல்லாம என்னைக்காவது தூங்குனானா? உங்களுக்கு எங்கேருந்து தெரியும், நீங்கதான் துபாயில இருந்தீங்களே!"

கேட்டீர்களா? நான் ஐந்து பக்கம் பேசியதை அந்த அம்மா ஒரு மூச்சில் முடித்துவிட்டார். பாய் தலை குனிகிறார். பாய், கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். பேனாவா? இந்தாருங்கள். ஆகா! அடித்துவிட்டார்! இரண்டு பேர் போயாயிற்று. மீதி ஒருவர்.

"அவரு அடிக்கலேன்னா நாளைக்குக் காலம்பற பதினாலு புள்ளையையும் அவர் வூட்டு வாசல்ல வுட்டுட்டுத்தான் கொட்டாய்க்குப் போவோம்!"

சின்னம்மாளா அது? சபாஷ் தாயே! மச்சான், என் தங்கையின் நிலையை நினைத்துப் பாருங்கள். பதினான்கு பிள்ளை, பளபளக்கும் உங்கள் மொசைக் தரை, பினாயில் கூட மிச்சமில்லை.

மெதுவாக மச்சான், மெதுவாக! பேனாவைப் பிடுங்காதீர்கள், நிப் உடைந்துவிடும். அடியுங்கள். நன்றாக அடியுங்கள். கிழியட்டும்!

இந்த அங்கமுத்து ஐந்து நிமிடத்தை அரை மணியாக இழுத்ததைப் பொறுத்த பெரியோர்க்கு நன்றி. வாய் திறந்து காப்பாற்றிய தாய்மார்க்குக் கோடி நன்றி. கடைசியில் கையெழுத்தை அடித்த மச்சானுக்கும் நன்றி. இரவு என் தங்கை தரும் சோறு அவருக்குச் செரிக்கட்டும்.

பூங்காவனம்மா, நீங்கள் மேடைக்கு வரவேண்டாம். உள்ளே ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு சிணுங்குகிறது. அங்கே போங்கள். நாங்கள் இங்கிருந்தே எழுந்து நின்று கும்பிடுகிறோம்.