ஒன்பது கடிதங்களைத் திருப்பிக் கொடுத்த தலைமையாசிரியருக்கு

2024 ஏப்ரல் 29, திங்கட்கிழமை காலை, திருவரங்கத்தில் உள்ள நம் பள்ளியின் தலைமையாசிரியர் மேசையில் ஒன்பது கடிதங்கள் வைக்கப்பட்டன. ஒன்பதாம் வகுப்பு முடித்த தம் பிள்ளைக்குக் குடும்பச் சூழ்நிலை காரணமாக மாற்றுச் சான்றிதழ் தருமாறு ஒன்பது பெற்றோர் அவற்றில் கேட்டிருந்தனர்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராகவும், இரண்டே ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் பணியாற்றி இன்று விடைபெறும் எங்கள் டோரதி அம்மையாரே! அஞ்சாத நெஞ்சினரே! அன்பிலும் கண்டிப்பிலும் அளவு தவறாதவரே!

அந்தக் கடிதங்களை எந்தப் பெற்றோரும் எழுதவில்லை. கணக்கு ஆசிரியர் முருகானந்தம் எழுதினார். நாங்கள் பெற்றோரைக் கூப்பிட்டுக் கையொப்பம் வாங்கினோம். பதினோரு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய பள்ளி இது. தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு வெளியே அனுப்பித்தான் அந்த நூறைக் காப்பாற்றி வந்தோம். இதை விழா மேடையில் சொல்லலாமா என்று கேட்டவர்கள் உண்டு. வேறு எங்கே சொல்வது?

தாங்கள் கடிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினீர்கள்.

"ஒன்பது வீட்டுக்கும் ஒரே சூழ்நிலையா சார்? கையெழுத்துகூட ஒண்ணா இருக்கே!"

"எல்லா வருஷமும் நடக்கறதுதான் மேடம். இல்லேன்னா ரிசல்ட் போயிடும்" என்றார் முருகானந்தம்.

"ரிசல்ட் போகட்டும். பிள்ளைங்க எங்க போவாங்க?"

வாழை இலை மண்டியில் வேலை பார்க்கும் பவுனம்மாளை அன்றே வரவழைத்து, அவர் மகள் சுபலட்சுமிக்காக அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தை வாசித்துக் காட்டினீர்கள். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நான் எப்பங்க டி.சி. கேட்டேன்? பரீட்சைக்குக் கையெழுத்துன்னாங்க, போட்டேன். படிச்சவங்க இப்படியும் பண்ணுவீங்களா?"



தாளாளர் தங்களிடம் நயமாகத்தான் பேசினார். "ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எதுக்கும்மா வம்பு? நல்ல பேரோட போங்க."

"சரிங்க சார். இந்த ஒன்பது பேரையும் எதுக்கு நீக்கறோம்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஃபைல்ல வச்சிடறேன்."

அவர் எழுதவில்லை. கடிதங்களைத் தாங்கள் எங்களிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். பிறகு, நிர்வாகத் திறமை இல்லை என்று தங்களிடம் இரண்டு முறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டுக்கும் தாங்கள் ஒற்றை வரியில் பதில் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கே வந்து அந்த ஒன்பது பேருக்கும் பாடம் நடத்தினீர்கள்.

தலைமைப் பண்பு பற்றி எங்களுக்குப் பயிற்சிகள் குறையவில்லை. தொலைநோக்கு என்றார்கள், குழு உணர்வு என்றார்கள், கோப்பும் பேனாவும் கொடுத்து, தேநீர் தந்து அனுப்பினார்கள். பெற்ற தாயிடம் பொய் சொல்லிக் கையொப்பம் வாங்காதே என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாங்கள் இருந்தோம் என்பதுதான் கொடுமை! தானே தேறிவிடுகிற பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் பதாகை கட்டுவதற்குப் பள்ளி எதற்கு, ஆசிரியர் எதற்கு, அவர்களுக்கு மேல் ஒரு தலைமை எதற்கு?

நாளை அந்த நாற்காலியில் அமரப்போகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். தன் முடிவைத் தன் பெயரில் எடுக்கவும், அதன் வசவைத் தானே வாங்கிக்கொள்ளவும், ஒரு பிள்ளையை விலக்கச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேட்கவும் துணிவில்லாதவர், பணிமூப்பு வந்துவிட்டது என்பதற்காக அதில் அமர வேண்டாம்.

இவ்வாண்டு எண்பத்து நான்கு பேர் தேர்வு எழுதி எண்பத்து ஒருவர் தேறினர். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் தேர்ச்சி. சுபலட்சுமி உட்பட மூவர் கணக்கில் தேறவில்லை. துணைத் தேர்வுக்கு அவர்களை முருகானந்தம் தயார்செய்கிறார். வாசலில் பதாகை இல்லை. இந்த விழாவுக்கு நிர்வாகத்திலிருந்து யாரும் வரவில்லை.

அம்மையாரே! தங்கள் உடல் நலம் குன்றாதிருக்கட்டும். காலை எட்டு மணி இனியாவது தங்களுக்கே உரியதாகட்டும். நெடுங்காலம் நிறைவாக வாழ்க!

தாங்கள் அறிய ஒன்று: ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீக்க வேண்டியவர்களின் புதிய பட்டியல் சென்ற வாரம் நிர்வாகத்திடமிருந்து வந்தது. பதினான்கு பெயர்கள். ஆசிரியர் எவரும் கடிதம் எழுதவில்லை. பதினான்கு பேரும் பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

இங்ஙனம்,
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்
திருவரங்கம், 30.05.2025