சாயத் தொட்டியின் மூடி திறந்தது குறித்து

பெயர் வாசுகி, வயது இருபத்தாறு, தகப்பனார் பெயர் விஸ்வம், சொந்த ஊர் கும்பகோணம், தற்போது இந்தத் தீவில் சேன் பியேர் என்ற ஊரில் வாடகை அறையில் குடியிருப்பு. துணி ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர். போலீஸ் சார்ஜென்ட் ஆல்பெர் முன்னிலையில், நான் கேட்டுக்கொண்டபடி தமிழில் என் கைப்பட எழுதித் தருவது:

சாயத் தொட்டிகளை இயக்கும் புரோகிராமை நாங்கள் பலர் பகுதி பகுதியாக எழுதுகிறோம். ஒரு பகுதி தன் வேலையில் தவறினால் மைனஸ் ஒன்று என்ற எண்ணைத் திருப்பித் தர வேண்டும், அதைப் பெறும் பகுதி சோதித்த பிறகே மேலே செல்ல வேண்டும் என்று எங்கள் தலைவர் சுவாமிநாதன் 1990-இல் விதி வகுத்தார். அதன் பிறகு நடந்த கூட்டத்தில், வெப்பத்தை அளக்கும் பகுதியை எழுதும் ஃபிலிப் சுவாமிநாதனைப் பார்த்து இந்த ஊர் மொழியான கிரியோலில், "பாத்ரோன், மைனஸ் ஒன்றும் ஒரு டெம்பரேச்சர்தானே? யாராவது சோதிக்க மறந்தால் தொட்டி ஆறிவிட்டதென்று மெஷின் நினைக்கும்" என்றார். தவறைத் தனியாகச் சொல்லும் வழி வேண்டும் என்றும் கேட்டார். சுவாமிநாதன் என்னிடம் தமிழில், "கேட்டியா வாசுகி, இந்த ஊர் வெயில்ல தொட்டி ஐஸ் ஆயிடுமாம்" என்றார். நான் அதை மொழிபெயர்த்ததும் ஃபிலிப்பும் சிரித்தார். அதன் பிறகு விதிப்படியே எழுதினார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வெப்பமானியின் கம்பி கழன்றது. ஃபிலிப்பின் பகுதி மைனஸ் ஒன்று தந்தது. எண்பது டிகிரிக்குக் கீழே வந்தால் மட்டுமே திறக்க வேண்டிய மூடியின் பூட்டு, அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொண்டு திறந்தது. மூடியைத் தூக்கிய தொழிலாளி ஜெரால்டின் என்பவர் மீது கொதிக்கும் சாயத் தண்ணீர் தெறித்து, கழுத்தும் வலது கையும் வெந்தன. முதலில் ஓடிப்போய் அவரை இழுத்தவர் சுவாமிநாதன். அவருடைய உள்ளங்கைகளும் கொப்பளித்தன. அதன் பிறகு, மைனஸ் ஒன்று தந்த பகுதியின் தலைப்பில் ஃபிலிப்பின் பெயர் இருந்ததால் அவரைக் காவலில் வைத்திருக்கிறார்கள்.

பூட்டை இயக்கும் பகுதியை எழுதியவர் சுவாமிநாதன். அதில் மைனஸ் ஒன்றுக்கான சோதனை இல்லை. நேற்று நான் அதைத் திரையில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கைகள் மடியில் இருந்தன. "ஃபிலிப்போட பகுதிதான் மைனஸ் ஒன் குடுத்துச்சு. அதை மட்டும் சொல்லும்மா. அது பொய் இல்லையே" என்றார். என் வேலை அனுமதி அவர் கையெழுத்தில்தான் புதுப்பிக்கப்படுகிறது. அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

அவர் சொன்னது பொய் இல்லை. அதனால் அதையும் எழுதியிருக்கிறேன். ஃபிலிப் எழுதியது விதிப்படி சரி.

இதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எழுதியவை யாவும் உண்மை, எனக்குத் தெரிந்த எதையும் விடவில்லை.

(ஒப்பம்) வாசுகி